ரத்தம் ஏறாத ஆறு வயது மகள்: டெஸ்டுக்கு முன்னால் கோதுமையை நிறுத்தலாமா?

மல்லிநாற்று (தங்கச்சிமடம்)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஆறு வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது, ஒன்றாம் வகுப்பு. எடை 14 கிலோ, உயரம் 104 சென்டிமீட்டர். பக்கத்து வீட்டுப் பையன் இவளைவிட ஒன்றரை வயது சின்னவன், இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினால் அவன்தான் அண்ணன் மாதிரித் தெரிகிறான். கை கால் குச்சி, பின்பக்கம் சதையே கிடையாது, பாவாடை இடுப்பில் நிற்காமல் இறங்குகிறது, ஆனால் வயிறு மட்டும் உப்பி முன்னால் நிற்கிறது. பேதி கிடையாது. மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போவாள், அதுவும் அழுதுகொண்டே. வாயில் மாதம் தவறாமல் புண். தெருவில் பிள்ளைகள் விளையாடினால் இவள் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். மூன்று வயது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தாள். அந்த வயதுப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

போன வருடம் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.6 இருந்தது. எட்டு மாதமாக இரும்புச்சத்து டானிக் கொடுக்கிறேன், ஒரு நாள் விட்டதில்லை, இப்போது பார்த்தால் 8.1. பூச்சி மருந்து மூன்று தடவை கொடுத்தாச்சு. முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சம்பழம் எல்லாம் உண்டு. மீனுக்குப் பஞ்சமே கிடையாது, நகரையோ சூடையோ ஏதாவது ஒன்று சட்டியில் இருக்கும். மாமியார் இது சவலை என்கிறார், தம்பி வயிற்றில் இருந்தபோது பாய்ந்தது, அது இன்னும் போகவில்லை என்று சொல்லி உரைமருந்து கொடுத்தார், வேர்க்காட்டுச் சந்தியாகப்பருக்கு நேர்ச்சையும் வைத்திருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், பேத்திக்காக ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறவர்.

இரண்டு வாரம் முன்னால் ராமநாதபுரத்தில் வேறொரு பிள்ளைகள் டாக்டரிடம் காட்டினோம். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், பழைய எடைச் சீட்டுகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தார், அப்புறம் கோதுமைச் சாப்பாடு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடல் கெடுகிற செலியாக் என்று ஒரு நோயாக இருக்கலாம், டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள், தேவைப்பட்டால் மதுரையில் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டியிருக்கும் என்றார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள், அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் படகு கரையில்தான் நிற்கும். நான் நாற்றுத் தோட்டத்தில் வேலை பார்க்கிற கூலியில்தான் வீடு ஓடுகிறது. அதனால் வீட்டில் எல்லோரும் சொல்வது, கோதுமைதான் காரணம் என்றால் அதை நிறுத்திப் பார்ப்போம், பிள்ளை தேறினால் அதுதான் நோய், எதற்கு டெஸ்டு, மதுரை, செலவு என்று. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

முதலில் நாங்கள் சோறு தின்கிறவர்கள், கோதுமை எங்கே என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் காலையில் பள்ளியில் கொடுக்கும் சாப்பாட்டில் பல நாள் ரவை உப்புமா, சேமியா, கோதுமை ரவைக் கிச்சடி. சாயங்காலம் ரஸ்க், பிஸ்கட். ரேஷன் கோதுமையை அரைத்து ராத்திரி சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமை அப்பா வாங்கி வரும் பரோட்டா. அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவிலும் கோதுமை உண்டாம்.

யாருக்காவது பிள்ளைக்கு இது இருந்து கண்டுபிடித்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். நிறுத்திப் பார்க்கலாமா? பேதியே இல்லாத பிள்ளைக்கு இது வருமா? எண்டோஸ்கோபி இவ்வளவு சின்ன உடம்பு தாங்குமா?


மண்டபம்காரன்

தங்கச்சி, பயப்படாதே. செலியாக் என்பது சப்பாத்தியே சாப்பாடாக இருக்கிற வடநாட்டில் வருவது. நம்ம கரையில் இதுவரைக்கும் ஒருவருக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மண்ணில் விளையாடுகிற பிள்ளை, மூன்று தடவை பூச்சி மருந்து கொடுத்தாலும் போகாத கிருமிகள் உண்டு, முதலில் மலம் டெஸ்டு பார்க்கச் சொல். கோதுமையை ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்பதிலும் நஷ்டம் ஒன்றும் இல்லை, நாம் அரிசியில் வளர்ந்தவர்கள்தானே.


கீழக்கரை_உம்மா

தங்கச்சி, இதைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து கோதுமையை நிறுத்தாதீர்கள். மண்டபம் அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அந்த ஒரு மாதத்தில் நஷ்டம் இருக்கிறது, அதை நான் பட்டவள்.

என் மகனுக்கு இப்போது பதினோரு வயது. அவனுக்கு உங்கள் பிள்ளைக்கு நேர் எதிராக எல்லாம் வயிற்றிலேயே காட்டியது. ஒன்றரை வயதில் ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை வெளிறிப்போய், தாங்க முடியாத வாடையோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புவான், எந்நேரமும் சிணுங்கல், தூக்கினால் அழுவான், இறக்கினால் அழுவான். மாந்தம் என்றார்கள், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பாலை நிறுத்தியதும் கொஞ்சம் குறைந்தது, அதனால் இரண்டு வருடம் பால்தான் காரணம் என்று நம்பிக் கிடந்தோம். குடல் புண்ணாகி இருக்கும்போது பாலைச் செரிக்கிற சக்தியும் போய்விடுமாம், குடல் ஆறினால் அதுவும் திரும்பி வருமாம், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏழு வயதில் துபாயிலிருந்து வந்த என் நாத்தனார் இதற்குக் கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற சத்து காரணமாக இருக்கும் என்றார். அன்றைக்கே வீட்டில் ரொட்டி, ரவை, மைதா எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒரு மாதத்தில் பிள்ளை ஆளே மாறிவிட்டான், நடுராத்திரியில் எழுந்து சோறு கேட்டான், நான் அழுதுகொண்டே பிசைந்து ஊட்டினேன். நாலு மாதம் கழித்து, சரி, எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று மதுரைக்குப் போனோம். டிடிஜி பார்த்தார்கள், வரம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. டாக்டர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: கோதுமையை நிறுத்திய பிறகு எடுத்த ரத்தத்தை வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அப்புறம் என்ன செய்வது? மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் தினமும் கோதுமை. பிள்ளை உம்மா வேண்டாம், வயிறு வலிக்கும் என்று கையைத் தட்டிவிடுவான், நான் சப்பாத்தியைப் பிய்த்து வாயில் வைப்பேன். அவனுக்கு வேண்டாதது எது என்று தெரிந்தும் என் கையாலேயே ஊட்டிய இரண்டு மாதம் அது. வாப்பா பார்க்க முடியாமல் வெளியே போய்விடுவார். அதற்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் எண் ஏறியிருந்தது, எண்டோஸ்கோபியில் சதை எடுத்துப் பார்த்து மார்ஷ் 3, அதாவது குடல் சுவர் நன்றாகவே கெட்டிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. நாத்தனார் சொன்ன அன்றைக்கே ரத்தம் எடுத்திருந்தால் அந்த இரண்டு மாதம் அவனுக்கு இருந்திருக்காது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் வயதுக்கு வருகிற சமயத்துப் பிள்ளைகளுக்கும் இப்படித் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதையே கூடுமானவரை தவிர்ப்பார்களாம், வளர்ச்சி கெடும் என்று.

இன்னொன்றும் யோசியுங்கள். இது ஆயுசுக்கும் இருக்கிற கட்டுப்பாடு. உறுதியாகத் தெரியாமல் ஆரம்பித்தால் அடுத்த வருடம் கல்யாண வீட்டில் யாராவது ஒரு சமோசாதானே என்பார்கள், உங்களுக்கே சந்தேகம் வரும், ஒன்று கொடுப்பீர்கள், ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், அப்புறம் அது அடிக்கடி ஆகும். என் கையில் காகிதம் இருப்பதால்தான் என் மாமியாரிடமும் மதரஸாவிலும் பள்ளியிலும் நான் உறுதியாக நிற்க முடிகிறது.


பரமக்குடி_லேப்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. அதனால் டெஸ்டு பற்றி மட்டும் தெரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் பிள்ளைக்கு என்ன என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கீழக்கரை அக்கா சொன்னது முழுக்கச் சரி.

கோதுமை, பார்லி, ரை இந்த மூன்று தானியங்களிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, இந்த நோய் உள்ளவர்களின் உடம்பு தன் குடல் சுவரையே தாக்குகிறது. குடலுக்குள் சத்தை உறிஞ்சுகிற விரல் மாதிரியான குடல் உறிஞ்சிகள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அவை மழுங்கித் தட்டையாகிவிடும். முதலில் அடிபடுவது இரைப்பையை ஒட்டிய முன்சிறுகுடல். இரும்புச்சத்து உள்ளே ஏறுகிற இடமும் அதுதான். எட்டு மாதம் டானிக் கொடுத்தும் 7.6 என்பது 8.1-க்கு மேல் போகவில்லை என்றால் அங்கே கதவே அடைத்திருக்கிறதா என்று உங்கள் டாக்டர் சந்தேகப்பட்டது அதனால்தான். பல்லைப் பார்த்ததற்கும் காரணம் உண்டு, சில பிள்ளைகளுக்கு நிரந்தரப் பல்லின் எனாமல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ திட்டுத்திட்டாக, வரிவரியாக முளைக்கும்.

பேதி இல்லாமல் வருமா என்று கேட்டீர்கள். வரும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள், கோதுமை கொடுக்க ஆரம்பித்த பிறகு பேதி, வயிறு உப்பல், எடை இறங்குதல், எரிச்சல் என்று காட்டுவது பழைய புத்தகங்களில் இருக்கிற படம். வயது கூடக் கூட வேறு முகத்தோடு வரும். மலச்சிக்கல், டானிக்குக்கு அசையாத சோகை, உயரம் நின்றுபோவது, வாய்ப்புண், எலும்பு பலமில்லாமல் போவது, வயதுக்கு வருவது தள்ளிப்போவது, கல்லீரல் டெஸ்டில் எண்கள் ஏறி நிற்பது, சிலருக்கு முட்டியிலும் முழங்கையிலும் அரிக்கும் கொப்புளம். ஒன்றுமே வெளியே தெரியாமல் இருக்கிற பிள்ளைகளும் உண்டு.

மண்டபம் அண்ணன் சொன்ன வடநாடு விஷயம் பாதி உண்மை. 2016-ல் வந்த ஒரு பெரிய இந்திய ஆய்வில் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டுகிற ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) இருந்தவர்கள் வடக்கில் 100 பேருக்கு 1.23, தெற்கில் 0.10 என்றுதான் இருந்தது. ஆனால் அதே ஆய்வில் இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு மேல் தெற்கில் இருந்தது. வித்தியாசம் தட்டில் விழுகிற கோதுமையில்தான் இருந்தது. இப்போது நம் பிள்ளைகள் தட்டில் என்ன விழுகிறது என்பதை நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். மரபணு இருந்தாலே நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இருக்கிறவர்களில் நூற்றுக்குச் சிலருக்குத்தான் வருகிறது. அது இல்லவே இல்லை என்றால் இந்த நோய் அநேகமாக இல்லை என்று தள்ளிவிடலாம், அந்த டெஸ்டின் பயன் அவ்வளவுதான்.

இனி டிடிஜி. முழுப்பெயர் டிடிஜி-ஐஜிஏ. எழுதிக் கொடுத்த சீட்டில் மொத்த ஐஜிஏவும் இருக்கிறதா பாருங்கள், இல்லை என்றால் டாக்டரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ என்ற வகை ஆன்டிபாடி உண்டாகாது, செலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு 2, 3 பேர் இப்படி. அவர்களுக்கு நோய் எவ்வளவு இருந்தாலும் டிடிஜி-ஐஜிஏ ஒன்றுமில்லை என்று காட்டும், அப்போது ஐஜிஜி வகை டெஸ்டுக்குப் போக வேண்டும். மொத்த ஐஜிஏ பார்க்காமல் நெகட்டிவ் என்று வருகிற ரிப்போர்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். ஒரு கிட்டில் மேல்வரம்பு 20, இன்னொன்றில் 10, இன்னொன்றில் 4 என்று இருக்கும். வரம்பின் எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு. பத்து மடங்குக்கு மேல் இருந்து, இன்னொரு நாள் எடுத்த ரத்தத்தில் இஎம்ஏ என்ற டெஸ்டும் பாசிட்டிவாக இருந்தால் பிள்ளைகளுக்கு எண்டோஸ்கோபி இல்லாமலே உறுதி செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவர்கள் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. நம் பக்கம் இஎம்ஏ எல்லா இடத்திலும் கிடையாது, கிட்டுக்குக் கிட்டு வித்தியாசமும் இருக்கிறது, அதனால் இங்கே பல டாக்டர்கள் எண்டோஸ்கோபி செய்து சதையெடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். மண்டபம் அண்ணன் சொன்ன கிருமிப் பேச்சிலும் நியாயம் உண்டு. ஜியார்டியா போன்ற கிருமி, வேறு சில குடல் நோய்கள் இவற்றிலும் குடல் உறிஞ்சிகள் மழுங்கும், அதனால் ரத்தமும் சதையும் சேர்ந்து ஒரே பேச்சுப் பேசுகிறதா என்று பார்ப்பார்கள். மலப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கோதுமை அலர்ஜி டெஸ்டு வேறு, இது வேறு. அலர்ஜி என்றால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு, வீக்கம், இளைப்பு என்று வரும். நூறு உணவுக்கு ஒரே ரத்தத்தில் ஒத்துக்கொள்ளாமை பார்க்கிறோம் என்று விற்கிற பேக்கேஜ்களில் காசைப் போடாதீர்கள், அதை வைத்துச் செலியாக் சொல்ல முடியாது.

ஒரு கேள்வி. டானிக்கை டீயோடோ பாலோடோ கொடுக்கிறீர்களா? இரண்டுமே இரும்புச்சத்தைச் சரியாக ஏற விடாது.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்பதே ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. ஹாலந்தில் வில்லம் டிக்கே என்ற பிள்ளைகள் டாக்டருக்கு முன்பிருந்தே அந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அங்கே பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனது. ஊரே இளைத்துக் கிடந்த சமயத்தில் இந்த நோய்ப் பிள்ளைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். 1950-ல் அவர் அதை ஆய்வேடாக எழுதினார். ஒரு பிள்ளைக்கு எது உள்ளே போகிறது என்று உட்கார்ந்து கவனித்த ஒரு டாக்டரால் நமக்குக் கிடைத்தது இது. உங்கள் டாக்டரும் எடைச் சீட்டை வரிசையாக வைத்துப் பார்த்தார் என்றீர்களே, அவரை விடாதீர்கள்.


மல்லிநாற்று (தங்கச்சிமடம்)

அக்காவுக்கும் அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன், கீழக்கரை அக்கா எழுதியதைக் கேட்டு அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் டெஸ்டு எடுத்துவிடுவோம் என்றார். டானிக்கைப் பாலில்தான் கலந்து கொடுத்தேன் அண்ணே, கசக்கிறது என்று துப்புகிறாள் என்பதற்காக. இன்றையிலிருந்து எலுமிச்சைச் சாற்றோடு வெறும் வயிற்றில் கொடுக்கிறேன்.

எண்டோஸ்கோபி பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். குழாய் என்றதும் மாமியார் அழுகிறார்.


தெற்குவாடி (பாம்பன்)

அக்கா, நான் எண்டோஸ்கோபி செய்துகொண்டவள், அதனால் அதைச் சொல்கிறேன். எனக்கு இப்போது 24 வயது, பதினைந்தில் கண்டுபிடித்தார்கள். எனக்கு வயிற்றில் ஒரு நாளும் ஒன்றும் கிடையாது. உயரம் ஏறவில்லை, வயதுக்கு வரவில்லை, அம்மாவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அதையேதான் கேட்பார்கள். யாரும் கோதுமையை நினைக்கவே இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் வளர்ச்சிக்காகப் பார்த்த டெஸ்டுகளோடு டிடிஜியையும் சேர்த்து எழுதியதால் தெரிந்தது.

முந்தின ராத்திரியோடு சாப்பாடு கிடையாது. காலையில் கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றுவார்கள், பிள்ளைகளுக்கு அநேகமாக முழுக்கத் தூங்க வைத்துத்தான் செய்வார்கள். சுண்டு விரல் அளவு மெல்லிய குழாய், வாய் வழியாகப் போகும். உள்ளே முன்சிறுகுடலின் இரண்டு இடத்திலிருந்து ஐந்தாறு துணுக்கு எடுப்பார்கள், ஒவ்வொன்றும் அரிசிக் குருணை மாதிரி இருக்கும். குடலின் உட்சுவரில் கிள்ளி எடுத்தால் வலி தெரியாது என்பதால் அதை எடுப்பது தெரியாது. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். எழுந்ததும் தொண்டை கரகரப்பு, அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன், மறுநாள் காலையில் ஊளி மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டேன். உங்கள் மாமியாரிடம் தையல், கத்தி எதுவும் கிடையாது என்று சொல்லுங்கள், என் ஆச்சிக்கு அதைச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ரத்தம் குறைவாக இருக்கிற பிள்ளை, அதனால் மயக்கம் கொடுக்கிறவர் ஹீமோகுளோபினைக் கேட்பார், சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

உறுதியானால் சாப்பாடு பற்றிப் பயப்பட வேண்டாம், நம் கரைச் சாப்பாட்டில் முக்கால்வாசி அப்படியே நமக்கு ஆகும். சோறு, இட்லி, ஆப்பம், இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, மீன், முட்டை, பருப்பு, தேங்காய்ப்பால், பனங்கருப்பட்டி. கீழக்கரைத் தொதல்கூட அரிசி மாவில் வீட்டில் கிண்டியதென்றால் சாப்பிடுவேன். மறைந்து வருகிற கோதுமைதான் நம்மைக் கவிழ்க்கும். எனக்கு முதல் வருடம் முழுக்க டிடிஜி இறங்கவே இல்லை. வீட்டில் ஒரு துண்டு ரொட்டி கிடையாது, பிறகு எங்கேயிருந்து வருகிறது என்று அம்மா தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒன்று கூட்டுப் பெருங்காயம், டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் மைதா கலந்திருக்கிறது, அதைச் சாம்பார், ரசம் எல்லாவற்றிலும் தினமும் போட்டிருக்கிறோம். இன்னொன்று மாவு மில். எங்கள் கேழ்வரகையும் இட்லிப்பொடியையும் யாரோ கோதுமை அரைத்த கல்லிலேயே அரைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். மில்லுக்காரரிடம் சொல்லி, காலையில் கழுவித் துடைத்த பிறகு முதல் ஈடாக அரைக்கச் சொன்னோம், அப்புறம் அதுவும் போதவில்லை என்று ஒரு சின்ன மிக்ஸி ஜாரில் வீட்டிலேயே அரைக்க ஆரம்பித்தோம். அடுத்த ஆறு மாதத்தில் எண் இறங்கியது. இவை தவிர ஹார்லிக்ஸ் மாதிரி மால்ட் சேர்த்த பானங்கள், சோயா சாஸ், கடையில் மீன் வறுக்கும்போது மசாலா ஒட்டுவதற்காகத் தூவுகிற மைதா, பரோட்டாக் கல்லிலேயே போடுகிற ஆம்லெட். பாக்கெட்டில் குளூட்டன் ஃப்ரீ என்று எழுதியிருந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம், ஆனால் விலை ஜாஸ்தி, நமக்கு அது தேவையே இல்லை.

வேர்க்காட்டுக் கோயிலைச் சொன்னீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) வரும்போது பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே பேசுங்கள். நற்கருணை அப்பமும் கோதுமைதான். குளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பத்துக்குத் திருச்சபை அனுமதி கொடுத்திருக்கிறது, கிடைக்காவிட்டால் திராட்சை ரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம், அதுவும் முழு நன்மைதான். நான் இரண்டு வருடம் கூச்சப்பட்டு இதைக் கேட்காமலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பதினாறரை வயதில் எல்லாம் நடந்தது, உயரமும் கொஞ்சம் ஏறியது, ஆனால் என் தங்கை அளவுக்கு ஏறவில்லை. உங்கள் பிள்ளைக்கு ஆறு வயதுதான். நிறைய நாள் இருக்கிறது.


மண்டபம்காரன்

மேலே நான் எழுதியது தப்பு தங்கச்சி, நிறுத்திப் பார் என்று சொன்னதை எடுத்துக்கொள்ளாதே. லேப் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். என் அண்ணன் மகனுக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை, இன்சுலின் போடுகிறான், இப்போது பன்னிரண்டு. சாப்பிடுகிறதற்கு ஏற்ற உடம்பு இல்லை, சர்க்கரையும் திடீர் திடீரென்று தாழ்ந்துபோகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?


பரமக்குடி_லேப்

உண்டு அண்ணே. சின்ன வயதில் வருகிற டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்குச் செலியாக் மற்ற பிள்ளைகளைவிட அதிகமாக வருகிறது, அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களுக்கு டிடிஜி பார்க்கச் சொல்கிறார்கள். தைராய்டு கோளாறு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அண்ணனிடம் சொல்லி அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது கேட்கச் சொல்லுங்கள், அதுவரைக்கும் சாப்பாட்டில் எதையும் மாற்ற வேண்டாம்.

தங்கச்சி, உங்களுக்கும் ஒன்று. மகளுக்கு உறுதியானால் தம்பிக்கும் உங்கள் இருவருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். கூடப் பிறந்தவர்கள், பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்கு வரை இருக்கலாம்.


மல்லிநாற்று (தங்கச்சிமடம்)

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ரிப்போர்ட் வந்துவிட்டது. டிடிஜி-ஐஜிஏ 168, அந்தக் கிட்டின் வரம்பு 10. மொத்த ஐஜிஏ சரியாக இருக்கிறது, நான் கேட்டதால்தான் சேர்த்தார்கள். மலத்தில் கிருமி ஒன்றும் இல்லை. டாக்டர் மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், வருகிற வியாழக்கிழமை எண்டோஸ்கோபி. பாம்பனில் ரயில் ஏறிப் புதன்கிழமையே போய்விடுகிறோம், மதுரையில் வீட்டுக்காரரின் சித்தி வீடு இருக்கிறது. படகு முதலாளி முன்பணம் கொடுத்தார்.

பள்ளியில் டீச்சரிடம் சொன்னேன், வியாழக்கிழமை வரைக்கும் உப்புமா கொடுங்கள், அதற்குப் பிறகு நான் இட்லி கட்டிக் கொடுத்தனுப்புகிறேன் என்று. இன்று காலையில் அவள் தட்டில் ரவை உப்புமா இருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன், கீழக்கரை அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன். மாமியார் பெருங்காய டப்பாவைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுக் கட்டிப் பெருங்காயம் வாங்கலாமா என்று கேட்கிறார், அதிலும் மாவு இருக்குமா என்று தெற்குவாடித் தங்கச்சி சொல்ல முடியுமா?


தெற்குவாடி (பாம்பன்)

கட்டியிலும் மாவு கலந்தது உண்டு அக்கா, மைதா போட்டதும் இருக்கிறது, அரிசி மாவு போட்டதும் இருக்கிறது, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். இந்த வாரம் எதையும் மாற்றாதீர்கள். எண்டோஸ்கோபி முடிந்து டாக்டர் ஆரம்பிக்கலாம் என்று சொன்னதும் எனக்கு எழுதுங்கள், பாம்பனிலிருந்து உங்கள் ஊர் பக்கம்தானே, நான் வாங்குகிற டப்பாவை எடுத்துக்கொண்டு நேரிலேயே வருகிறேன்.